மெனோபாஸ் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கென்று, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகும் லேப்கள் விற்கிற ‘மெனோபாஸ் பேக்கேஜ்’களில் அறுபது டெஸ்ட், எழுபது டெஸ்ட் என்று போட்டிருக்கும். அந்த எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொரு வரியையும் ஒரு டெஸ்ட்டாகவே கணக்குக் காட்டுகிறார்கள்.

காசுக்குத் தகுந்தவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), லிப்பிட், டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), ஹீமோகுளோபின். மெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தபின் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறும், கொழுப்பு வயிற்றில் சேரும். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரையின் வாசலில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினோடு சேர்த்தே படியுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், டிஎஸ்ஹெச் தப்பாக வரும். தைராய்டு குறைந்தாலும் சோர்வு, எடை, மனவாட்டம் எல்லாம் வரும். ‘வயசாச்சுல்ல’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

ரத்தம் எடுக்கும்போது குழாயின் மூடியைக் கவனியுங்கள். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி வேண்டும். மற்ற குழாயில் எடுத்துப் பையில் போட்டு நாலு வீடு சுற்றினால், ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்றுவிடும். அளவு குறைவாக வரும்.

மெனோபாஸ் வந்துவிட்டதா என்று பார்க்கும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் டெஸ்ட் வேண்டாம். 45 வயதைத் தாண்டி, 12 மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதுவே போதுமான சான்று. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு சிஏ-125 என்ற சினைப்பைப் புற்றுநோய் டெஸ்ட் வீண் பயத்தைத்தான் தரும்.

பெரிய குறை, இவ்வளவு எண்களுக்கு நடுவே இடுப்பளவும் பிரஷரும் மனசும் இல்லாதது. டேப்பைப் புடவைக் கொசுவத்தின் மேல் வைக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம் தேவை. பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள்.

மனசுக்கு பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் உண்டு. செலவே இல்லை. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ராத்திரி உடம்பு கொதித்து வியர்த்து எழுந்தால் தூக்கம், சோர்வு பற்றிய கேள்விகளிலேயே மதிப்பெண் ஏறிவிடும்; அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மொத்தம் 10 அல்லது மேலே என்றால் டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதில் 1 வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.