மூன்று பன்ச்-அவுட்: நான் ஏன் வீயில் வந்து நின்றேன்

வீட்டில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கன்சோல் இருக்கிறது. அதன் ஆன்லைன் சந்தாவும் இருக்கிறது. அந்தச் சந்தாவிலேயே 1987இல் வந்த பன்ச்-அவுட் குத்துச்சண்டை கேமும் 1994இல் வந்த சூப்பர் பன்ச்-அவுட்டும் கிடைக்கின்றன. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். அப்படி இருந்தும் போன வருடம் நிண்டெண்டோவின் பழைய கன்சோலான வீ ஒன்றை செகண்ட் ஹேண்டிலும், 2009இல் வந்த பன்ச்-அவுட் டிஸ்க்கையும் தேடிப் பிடித்து வாங்கினேன். ஏழெட்டு மாதமாக மூன்றையும் மாற்றி மாற்றி ஆடிய பிறகு இதை எழுதுகிறேன். என் ஓட்டு வீக்குத்தான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதுதான் இந்த அலசலின் பாதி.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். மூன்றுமே குத்துச்சண்டை கேம் என்ற பெயரில் வந்த புதிர்கள். எதிரே நிற்பவன் எப்போது அடிப்பான், அடிக்கும் முன் என்ன செய்வான், அடித்த பிறகு எங்கே திறந்து கிடப்பான் என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டனை மளமளவென்று அமுக்கினால் எதுவும் நடக்காது. படத்தின் அழகில் வீதான் முன்னால். இசை மூன்றிலும் நன்றாக இருக்கிறது. விலையில் ஸ்விட்ச் சந்தாவை எதுவும் நெருங்க முடியாது.

இனி நாயகனைப் பார்ப்போம். லிட்டில் மேக், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிப் பையன். வயது 17, எடை 107 பவுண்டு, அதாவது ஐம்பது கிலோகூட இல்லை. எதிரே வரும் இஸ்தான்புல்காரன் பால்ட் புல்லின் எடை 298 பவுண்டு. மேக்கின் தலை அவன் நெஞ்சைத் தொட்டாலே அதிகம். இந்தப் பொடியன் ஏன் இவ்வளவு பொடியனாக இருக்கிறான் என்பதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1984இன் ஆர்கேட் பன்ச்-அவுட்டில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில், நம் வீரனுக்கு உடம்பே கிடையாது. பச்சைக் கோடுகளால் ஆன வெறும் கூடு. அந்தக் கோடுகளுக்கு நடுவே எதிரியைப் பார்த்துக்கொள்ளலாம். அதே கேமை வீட்டுக் கன்சோலான என்.இ.எஸ்.க்குக் கொண்டுவந்தபோது அந்தக் கண்ணாடி வித்தையைச் செய்ய முடியவில்லை. முழு உருவத்தை வரைந்தால் அவன் முதுகு எதிரியை மறைத்துவிடும். அதனால் ஆளைச் சின்னதாக்கிவிட்டார்கள். எளியவன் பெரியவனோடு மோதும் அந்தக் கதை பிறந்ததே இயந்திரத்தின் இயலாமையில்தான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 1994இன் சூப்பர் பன்ச்-அவுட்டைப் பார்த்தால் அதன் குறை புரியும். என்.இ.எஸ்.க்கு அடுத்து வந்த கன்சோலான சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒளி ஊடுருவும் உருவம் வரைய முடிந்தது. உடனே நாயகன் வளர்ந்துவிட்டான். பொன்னிற முடியோடு, எதிரிக்குச் சமமான உயரத்தில், கண்ணாடி மனிதனாக நிற்கிறான். மூலையில் நின்று தைரியம் சொல்லும் பயிற்சியாளர் டாக் லூயிஸும் இல்லை. ஒவ்வொரு சண்டையும் ஒரே மூன்று நிமிட ரவுண்டு, அவ்வளவுதான்.

எதிரிகளில் மட்டும் இது குறை வைக்கவில்லை. பதினாறு பேர். நீள முடியைச் சுழற்றி அடிக்கும் ஹெய்கே ககெரோ, கைத்தடியோடு வரும் கிழவர் ஹோய் குவார்லோ, முகத்தில் அடி பட்டால் ஆத்திரத்தில் நிலை தவறும் அழகன் நார்சிஸ் பிரின்ஸ் என்று ஒவ்வொருவனும் ஒரு ரகம். வேகமும் அதிகம். இதில் இரண்டு பேர் மோதும் ரகசிய வழி ஒன்று ஒளிந்திருந்தது 2022இல்தான் வெளியே தெரிந்தது. நான் அதை ஒரே ஒரு மாலை ஆடினேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றுவிட்டு மறுபடி எழும் ஒரு பையனின் மேல் வரும் பாசம் எனக்கு இந்த கேமில் வரவில்லை. சமமான இருவர் மோதினால் அது வெறும் போட்டி. ஆகவே என் பட்டியலில் இது மூன்றாவது.

உண்மையான மோதல் 1987க்கும் 2009க்கும்தான்.

1987இன் பெருமை, அது மிகக் கொஞ்சத்தில் ஓர் ஆளைக் கட்டி எழுப்பிவிடும். பாரிஸ்காரன் கிளாஸ் ஜோவின் கணக்கு ஒரு வெற்றி, 99 தோல்வி. சண்டை தொடங்கும் முன் அந்த எண்ணைப் பார்த்தாலே போதும், அவனைத் தெரிந்துவிடும். டோக்கியோவின் பிஸ்டன் ஹோண்டா அடிக்கப்போகும் முன் புருவம் துடிக்கும். கிங் ஹிப்போ வாயைத் திறக்கும்போது முகத்தில் ஒன்று விட்டால் கால்சட்டை நழுவும். வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி தெரியும், அங்கே அடி அடியென்று அடிக்க வேண்டியதுதான். ஒரு முறை விழுந்தால் மறுபடி எழ மாட்டான். என் அக்கா மகன் முதல் முறை இதைப் பார்த்தபோது, “மாமா, இவன் வாயைத் திறக்கிறதே தப்பு மாமா” என்றான். பத்து வயதுப் பையன் ஒரே நிமிடத்தில் புதிரை விடுவித்துவிட்டான். யாரும் சொல்லித் தரவில்லை, படமே சொல்லிக்கொடுத்தது.

நம் நாட்டுக்காரனையும் சொல்லியாக வேண்டும். கிரேட் டைகர், பம்பாய். தலைப்பாகையில் ஒரு கல் மின்னினால் அடுத்த நொடி அடி வருகிறது என்று பொருள். சட்டென்று மறைந்து, சுற்றிச் சுற்றி வந்து ஐந்து முறை குத்துவான். எல்லாவற்றையும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டால் அவனுக்கே தலை சுற்றி நிற்பான், அப்போது ஒரு குத்து போதும். இந்தியன் என்றதும் தலைப்பாகையும் மந்திரமும் என்று வரைந்தது எனக்கு உவப்பாக இல்லை. சோவியத் வீரன் சோடா பாபின்ஸ்கிக்கு ஆர்கேடில் இருந்த பெயர் வோட்கா டிரங்கென்ஸ்கி. வீட்டு கேமுக்கு வந்தபோது பெயரையும் மாற்றிக் கையில் சோடாவைக் கொடுத்தார்கள். ஆளை ஊரை வைத்து அளக்கும் பழக்கம் இந்த வரிசை முழுக்க உண்டு, மூன்று கேமிலும் உண்டு.

வீ அந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. ஆனால் ஒவ்வொருவனுக்கும் வாயைக் கொடுத்தது. வான்கூவரின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் செய்த இந்தப் பதிப்பில் கிளாஸ் ஜோ பிரெஞ்சில் புலம்புவான், வான் கைசர் ஜெர்மனில் கத்துவான், பால்ட் புல் துருக்கியில் சீறுவான். கிரேட் டைகர் இந்தியில் பேசியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொம்மையாக இருந்தவன் ஆளாகிவிட்டான்.

அதைவிடப் பெரியது, வீயில் தோற்றவர்கள் திரும்பி வருகிறார்கள். மேக் சாம்பியன் ஆனதோடு கேம் முடிவதில்லை. அதன் பிறகு பட்டத்தைக் காப்பாற்றும் சுற்று. முன்பு அடித்து வீழ்த்திய ஒவ்வொருவனும் தன் ஓட்டையை அடைத்துக்கொண்டு வருவான். கிளாஸ் ஜோ தலைக்கவசம் மாட்டி வருவான். கிங் ஹிப்போ சாக்கடை மூடியை வயிற்றில் கட்டிக்கொண்டு வருவான். கனடாவின் பேர் ஹக்கர் தலையில் ஓர் அணிலை வைத்து வருவான், நாம் அடிக்க வருவதை அது அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். இங்கே நிலைமை தலைகீழாகிறது. இப்போது மேக்தான் சாம்பியன். நூறு தோல்வி கண்டும் தலைக்கவசத்தோடு மறுபடி வளையத்துக்குள் ஏறும் கிளாஸ் ஜோதான் எளியவன். அந்தச் சண்டையில் அவனிடம் நான் ஒரு முறை தோற்றேன். மனம் நிறைந்து தோற்றேன். எளியவன் வெல்லும் கதையை இரண்டு பக்கமும் நின்று பார்க்கச் சொல்லும் கேம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

இன்னொன்று, வீக்குச் சின்ன மேக்கை வரைய வேண்டிய கட்டாயமே இல்லை. எப்படி வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். தெரிந்தே சின்னவனாக வைத்தார்கள். இதனால்தான் எனக்கு வீ ஒரு படி மேல்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். அது லேக். பட்டனை அமுக்கிய கணத்துக்கும் திரையில் கை அசையும் கணத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கும் தாமதம். பல கேம்களில் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. பன்ச்-அவுட்டில் எல்லாமே இதுதான், ஏனென்றால் இந்த கேமில் பலம் என்று ஒன்று கிடையாது. பார்ப்பதும் பதில் சொல்வதும் மட்டுமே உண்டு. பொடியனின் ஒரே ஆயுதம் அவன் கண். அந்தக் கண்ணுக்கும் கைக்கும் நடுவே டிவி புகுந்து நேரத்தைத் தின்றால் கேமே இல்லை.

எனக்கு இது பால்ட் புல்லிடம் தெரிந்தது. அவன் பின்னால் போய், குதித்துக் குதித்து, மாடு மாதிரி தலையைத் தாழ்த்திப் பாய்ந்து வருவான். பட்டால் மேக் விழுந்துவிடுவான். ஆனால் அவன் வந்து முட்டும் சரியான கணத்தில் வயிற்றில் ஒன்று விட்டால் அவனே சரிவான். 1987 பதிப்பில் அந்தக் கணத்தைக் காட்ட ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ எடுக்கும் கேமராவின் ஒளி ஒன்று அப்போது பளிச்சிடும். இதை நிண்டெண்டோ வெளியே சொன்னதே 2009இல்தான். நான் அந்த ஒளியைப் பார்த்து அடித்தேன். விழுந்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி விழுந்தேன். கைதான் மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் கேமராவை நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் வைத்து, வீயில் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பிடித்தேன். பட்டன் இறங்கியதிலிருந்து மேக்கின் கையுறை அசையும் வரை ஹாலில் இருந்த எல்.இ.டி. டிவியில் 31 படம். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போட்ட பிறகு 24. அம்மா வீட்டுப் பரணில் கிடந்த டியூப் டிவியை இறக்கி அதே கேபிளைச் செருகி எடுத்தபோது 12. அதாவது எல்.இ.டி.யில் சாதாரண நிலையில் கூடுதலாகப் போனது 19 படம், நொடியில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு. நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் அது ஏறக்குறைய ஐந்து படம். பால்ட் புல்லின் வயிறு திறந்திருக்கும் நேரமும் ஒரு கணம்தான். அன்று மாலை டியூப் டிவியில், வீ பதிப்பில், இரண்டாவது முயற்சியில் அவனைச் சாய்த்தேன்.

வீக்கு இங்கே ஓர் அனுகூலம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிள் நேராக டியூப் டிவியில் ஏறிவிடும். ஸ்விட்சுக்கு எச்.டி.எம்.ஐ. மட்டும்தான், டியூபுக்குக் கொண்டுபோக நடுவே ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். மலிவான கன்வெர்ட்டரும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும். ஸ்விட்சில் ஆடும்போது தப்பினால் பின்னோக்கி ஓட்டி மறுபடி ஆடும் வசதி இருப்பது உண்மை. ஆனால் அப்படி வென்றால் மேக் வென்றதாக எனக்குத் தோன்றுவதில்லை.

அசல் என்.இ.எஸ். கன்சோலும் அசல் கார்ட்ரிட்ஜும் வைத்து டியூப் டிவியில் ஆடுபவர் வேறு முடிவுக்கு வரலாம். என்னிடம் அவை இல்லை, அதனால் அந்த இணையோடு நான் ஒப்பிட முடியாது. 1987 கேமின் கடைசி எதிரியாக இருந்த நிஜ குத்துச்சண்டை வீரர் மைக் டைசனும் என் அனுபவத்துக்கு வெளியேதான். சந்தாவில் கிடைப்பது 1990இன் திருத்திய பதிப்பு. டைசனோடு இருந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் இடத்தில் மிஸ்டர் டிரீம் என்ற கற்பனை வீரனை நிறுத்தினார்கள். முகம்தான் வேறு, சண்டை அதேதான். முதல் ஒன்றரை நிமிடம் அவன் கீழிருந்து மேலே விடும் குத்தான அப்பர்கட் ஒன்று பட்டாலே மேக் தரையில். எல்.இ.டி. டிவியில் நான் அந்த ஒன்றரை நிமிடத்தை இரண்டே முறைதான் தாண்டினேன். ஜெயித்தது இல்லை.

வீ வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் வைத்துப் பராமரிப்பதில் ஸ்விட்ச் சந்தாதான் சுலபம். கன்சோலும் டிஸ்க்கும் ஒரே பிராந்தியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அமெரிக்க கன்சோலில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது. அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் ஊர்ச் சுவரில் நேராகச் செருகினால் போய்விடும். அமெரிக்கப் பதிப்பு என்.டி.எஸ்.சி. முறையில் படம் அனுப்பும். நம்மூர்ப் பழைய டியூப் டிவிகள் சிலவற்றில் அது கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும், டிவியை இறக்கும் முன் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் தேய்ந்த வீ நிறையக் கைமாறுகிறது. விற்பவர் முன்னாலேயே டிஸ்க்கைப் போட்டு இரண்டு சண்டையாவது ஓட விடுங்கள். என் முதல் கன்சோல் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே டிஸ்க்கைத் துப்ப ஆரம்பித்தது, திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். டியூப் டிவி பழுது பார்க்கும் மெக்கானிக் எங்கள் பகுதியில் ஒருவர்தான் மீதி.

வீயின் ரிமோட்டையும் அதோடு வயரில் இணையும் நன்சக் என்ற கைப்பிடியையும் இரண்டு கையிலும் பிடித்துக் காற்றில் குத்தி ஆடலாம். குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் கையை வீசி முடித்த பிறகுதான் அது குத்து என்று புரிந்துகொள்கிறது, அங்கேயும் நேரம் போகிறது. ரிமோட்டை மட்டும் குறுக்காகப் பிடித்து, பழைய கார்ட்ரிட்ஜ் கேம் மாதிரி பட்டனில் ஆடுங்கள்.

பட்டம் காக்கும் சுற்றும் முடிந்த பிறகு வீயில் மேக்கின் கடைசிப் போராட்டம் என்று ஒன்று திறக்கும். எதிரிகள் எந்த வரிசையிலும் வருவார்கள், சில சமயம் நிண்டெண்டோவின் கொரில்லா டாங்கி காங்கே வளையத்துக்குள் ஏறும். மூன்று முறை தோற்றால் மேக் ஓய்வு பெற்றுவிடுவான். சேமித்து வைத்த அந்த ஆட்டத்தில் அதோடு அவன் பட்டப் பயணம் முடிந்தது. நான் இதுவரை ஆறு சண்டை வென்றிருக்கிறேன், இரண்டு தோற்றிருக்கிறேன். மூன்று வாரமாக அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அக்கா மகனுக்கு அடுத்த மாதம் பள்ளி விடுமுறை. அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஏழாவது சண்டையைத் தொடங்குவதாக இருக்கிறேன்.