எண் யார் பெயரில், கம்பி எந்தக் கம்பத்தில்?

அலுவலகத்துக்குத் தொலைபேசியும் இணையமும் விற்க வருகிறவர் உட்கார்ந்த உடனே உச்சரிக்கும் சொல் எம்பிபிஎஸ். மருத்துவப் பட்டம் இல்லை. ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. 100 வேண்டுமா, 300 வேண்டுமா, 1000 வரை போகலாமா என்று கேட்பார். உங்களை யார் அழைக்கிறார்கள், எந்த எண்ணுக்கு அழைக்கிறார்கள், கம்பி அறுந்தால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள் என்று இதுவரை ஒருவர்கூட எங்களிடம் கேட்டதில்லை. திருப்பூரில் 14 பேர் வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் எங்களுடையது. வடிவமைப்புக் கோப்புகள் வெளிநாட்டுக்குப் போக வேண்டும், நூல் மில்லும் சாயப்பட்டறையும் அழைத்தால் எடுக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்காகச் சந்தையில் உள்ள எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. சிலவற்றில் சூடும் பட்டாயிற்று.

செம்புக் கம்பி, கண்ணாடி இழை

பழைய தரைவழித் தொலைபேசிக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்திலிருந்தே செம்புக் கம்பி வழியாக வந்துவிடும், ஏறத்தாழ 48 வோல்ட். 2012-இல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களில் தையல் இயந்திரங்கள் நின்றன, கணினிகள் அணைந்தன, மேசையில் இருந்த அந்தக் கருவி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது. பிஎஸ்என்எல் நிறுவனமே தன் செம்பு வாடிக்கையாளர்களைக் கண்ணாடி இழைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்று புதிதாகச் செம்பு இணைப்பு கேட்பது, உதிரி பாகம் கிடைக்காத வண்டியை வாங்குவது போன்றது.

இழை வழித் தொலைபேசியில் குரல் தெளிவு, மாத வாடகை இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலான திட்டங்களில் இணையத்தோடு பேச்சும் சேர்ந்தே வருகிறது. ஆனால் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இழை வந்து சேரும், சுவரில் மாட்டும் சிறிய பெட்டிக்கு உங்கள் கட்டடத்து மின்சாரம் வேண்டும். கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் போட்டுவிட்டு, வாசல் பக்கம் மாட்டிய இந்தப் பெட்டியை நேரடி மின்சாரத்தில் செருகி வைத்திருக்கும் அலுவலகங்களை எங்கள் தெருவிலேயே நான்கைந்து காட்ட முடியும். மின்சாரம் போனால் கணினி ஓடும், இணையமும் தொலைபேசியும் இருக்காது. 12 வோல்ட் மின்கலப் பெட்டி ஒன்று தனியாக விற்கிறது. அதை வாங்கிப் பொருத்தினால் போதும்.

0421 எண்ணா, கைப்பேசி எண்ணா?

திருப்பூரின் குறியீடான 0421 என்று தொடங்கும் தரைவழி எண் ரசீதுப் புத்தகத்தில் இருந்தால் ஊர்க்காரர்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒரு முகவரி, ஒரு கட்டடம், ஓடிப்போகாத ஆள் என்று அதற்குப் பொருள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இரண்டில் நிலையற்றது தரைவழி எண்தான். கைப்பேசி எண்ணை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகலாம். 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். தரைவழி எண்ணுக்கு இந்தியாவில் அந்த வசதி இல்லை. சேவை பிடிக்கவில்லை என்று நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். பெயர்ப்பலகை, ரசீது, பைகளில் அச்சடித்தது எல்லாம் வீண். நகரின் இன்னொரு மூலைக்கு அலுவலகத்தை மாற்றும்போதும் எண் மாறக்கூடும்.

அப்படியானால் கைப்பேசி எண்ணே போதும் என்று ஓடிவிட வேண்டாம். அது யார் பெயரில் இருக்கிறது? எங்களிடம் ஆர்டர்களைக் கவனித்துக்கொண்ட ஒரு மெர்ச்சன்டைசர் தன் சொந்த சிம் அட்டையிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசினார். வேகமாகச் செய்கிறாரே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவர் வேறு நிறுவனத்துக்குப் போனபோது எண்ணும் போனது. ஆறு மாதம் எங்கள் பையர் ஒருவர் சாம்பிள் எப்போது வரும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவர், அழைப்புகளை எங்களுக்குத் திருப்பி விட்டார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். நிறுவனத்தின் பெயரில் இணைப்பு எடுங்கள். ஜிஎஸ்டி சான்றிதழ், கையொப்ப அதிகாரம் பெற்றவரின் கடிதம், பயன்படுத்தும் ஊழியரின் அடையாள ஆவணம் எல்லாம் கேட்பார்கள். அலைச்சல்தான். ஆனால் ரசீதில் உங்கள் ஜிஎஸ்டி எண் ஏறிவிட்டால், கட்டும் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஊழியரின் சொந்த எண்ணுக்குப் பணம் கொடுத்தால் அந்த வரி கையைவிட்டுப் போகும்.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் வந்தபோது கைப்பேசி எண் இல்லாமல் முடியாது என்று பலர் நினைத்தார்கள். தரைவழி எண்ணிலும் பதியலாம். சரிபார்ப்புக் குறியீடு குரல் அழைப்பாக வரும். அந்த எண்ணில் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று ஒலிப்பதிவு பேசினால் மட்டும் சிக்கல். இயந்திரம் இயந்திரத்திடம் குறியீட்டைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். பதியும் நேரத்தில் ஒலிப்பதிவை நிறுத்தி வையுங்கள்.

மேகத் தொலைபேசி யாருக்கு?

ஒலிப்பதிவு வரவேற்பு, அழைப்பை அடுத்தடுத்த ஊழியரின் கைப்பேசிக்குத் தள்ளுவது, பேச்சைப் பதிவு செய்வது, தவறிய அழைப்புகளின் பட்டியல் இவை எல்லாவற்றையும் எந்தக் கருவியும் வாங்காமல் இணையம் வழியே தரும் மேகத் தொலைபேசிச் சேவைகள் இப்போது நிறைய. அன்றாடம் முப்பது நாற்பது புதியவர்கள் அழைக்கும் மருத்துவமனை, பயிற்சி மையம், பழுதுநீக்கும் கடை போன்றவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. எடுக்காமல் விட்ட அழைப்பு எத்தனை என்று முதல் வாரப் பட்டியலைப் பார்த்தாலே முதலாளிக்கு வியர்க்கும்.

எங்களுக்கு இது ஒத்துவரவில்லை. எங்களை அழைப்பவர்கள் இருபது முப்பது பேர், எல்லோரும் தெரிந்தவர்கள். சாயப்பட்டறைக்காரர் ‘இரண்டை அழுத்தவும்’ என்பதைக் கேட்டால் வைத்துவிட்டு என் சொந்த எண்ணுக்கு அழைப்பார். இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்களுக்கு வரும் ஒரு அழைப்பை அவர்கள் உங்கள் கைப்பேசிக்குத் தள்ளும்போது நிமிடக் கணக்கில் உங்களிடம் வாங்குவார்கள். வரும் அழைப்புக்குக் காசு கொடுத்து இந்தியாவில் வெகுநாள் ஆயிற்று, அதனால் முதல் ரசீது அதிர்ச்சியாக இருக்கும். 1800 என்று தொடங்கும் இலவச எண்ணிலும் செலவு உங்கள் தலையில்தான். வெளிநாட்டிலிருந்து அந்த எண்ணை அழைப்பதும் பொதுவாக முடியாது. ஏற்றுமதிக்காரருக்கு அது அலங்காரம். எல்லாவற்றையும்விட, விலகும்போது எண் என்னுடன் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தையாக ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்றால், வராது என்று பொருள்.

ஒரே கம்பியில் 30 பேர் ஒரே சமயத்தில் பேசக்கூடிய பிஆர்ஐ இணைப்பும், அதே வேலையை இணையவழியில் செய்து அதன் இடத்தைப் பிடித்துவரும் சிப் (SIP) டிரங்கும் விடுதிகளுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் உரியவை. 14 பேர் அலுவலகத்தில் 30 பேர் பேச ஆள் ஏது?

சாதா இழையும் லீஸ்டு லைனும்

இனி இணையம். சாதா இழை இணைப்பில் தெருவில் வரும் ஒரே இழையை ஒளிப்பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 இணைப்புகளாகப் பிரிக்கிறார்கள். ஜிபான் என்ற அந்த நுட்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து இறங்கு திசையில் (உங்களுக்கு வருவது) நொடிக்கு 2.5 கிகாபிட், ஏறு திசையில் (நீங்கள் அனுப்புவது) 1.25 கிகாபிட். உங்கள் 300 மெகாபிட் இந்தப் பந்தியில் ஓர் இலை. ‘வணிகத் திட்டம்’ என்று கூடுதல் விலை சொன்னாலும் பெரும்பாலும் அதே பந்திதான். நிலையான ஐபி முகவரியும் (உங்களுக்கு மட்டுமான, மாறாத இணைய முகவரி), புகார் வரிசையில் கொஞ்சம் முன்னிடமும் கிடைக்கும். நிலையான ஐபி வீண் செலவு இல்லை. பல வீட்டுத் திட்டங்களில் பொது முகவரியை நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதால், வெளியூரிலிருந்து அலுவலகக் கணக்கு மென்பொருளான டேலியைத் திறக்கவோ பழைய கேமராப் பதிவைப் பார்க்கவோ நேர் வழி இருக்காது.

‘அளவற்றது’ என்ற சொல்லையும் நம்பிவிட வேண்டாம். பல வீட்டுத் திட்டங்களில் அது மாதம் 3300 ஜிபி என்ற அளவுக்கு உட்பட்டது. ஏறு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள். 2 ஜிபி அச்சு வடிவக் கோப்பு ஒன்றை 100 மெகாபிட் ஏறு வேகத்தில் அனுப்ப மூன்று நிமிடத்துக்குள் முடியும். 10 மெகாபிட்டில் அரை மணி நேரம். எங்கள் அலுவலகத்தில் ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று வந்த புகார்களில் பாதிக்குமேல் ஏறு வேகம் பற்றியவை. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பதோ இறங்கு வேகம்.

லீஸ்டு லைன் உங்களுக்கு மட்டுமான வழி. 20 மெகாபிட் என்றால் ஏறவும் இறங்கவும், இரவும் பகலும் 20. விலையைக் கேட்டால் சாதா இணைப்பின் பல மடங்கு வரும். எண் சிறியது, விலை பெரியது என்பதால் பலர் அந்த இடத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் வாங்குவது வேகம் அன்று, ஒப்பந்தம். 99.5 விழுக்காடு நேரம் இயங்கும் என்று எழுதியிருந்தால், 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம்; 99.9 என்றால் 43 நிமிடம். மீறினால் என்ன தருவார்கள் என்ற பத்தியையும் படியுங்கள். வாடகையில் சில நாள் கழிவு கிடைக்கும். தவறிப்போன ஆர்டருக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். முழுநாளும் சர்வர் ஓட்டும் நிறுவனத்துக்கும், அறுபது பேர் காணொளியில் பேசும் அலுவலகத்துக்கும் இது தேவை. எங்களைப் போன்றவர்கள் அந்தப் பணத்தில் மூன்று சாதா இணைப்பு வாங்கலாம்.

ஆனால் மூன்றும் ஒரே கம்பத்தில் தொங்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இனிக் கவலையில்லை என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தோம். மழைநீர் வடிகால் தோண்ட வந்த ஜேசிபி ஒரு காலை நேரத்தில் இரண்டையும் சேர்த்து இழுத்துப்போட்டது. இரண்டு இழையும் ஒரே மின்கம்பத்தில் ஏறி ஒரே பள்ளத்தைத் தாண்டி வந்திருந்தன. இரண்டு நிறுவனங்களின் பழுது பார்ப்பவர்களும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

அதன் பிறகு இரண்டாவது வழியாக 5ஜி ஏர்ஃபைபர் வைத்தோம். ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் தொடங்கிய இந்த வகைச் சேவைக்குத் தெருக்கம்பி வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. முதன்மை இணைப்பாக இதை நம்பமாட்டேன். மாலையில் தெருவே கைப்பேசியில் மூழ்கும்போது கோபுரம் திணறும், ஏறு வேகம் முதலில் படுத்துவிடும். முதன்மை அறுந்த நேரத்தில் கைகொடுக்க இதற்கு இணை இல்லை. இரண்டு இணைப்பையும் ஏற்று தானே மாற்றிக்கொள்ளும் ரௌட்டர் ஒன்று வேண்டும். மாறும் நொடியில் இணையவழிப் பேச்சு துண்டிக்கப்படும். மறுபடி அழைத்தால் சரி. இணையவழிப் பேச்சு ஒன்றுக்கு 100 கிலோபிட்கூடப் பிடிப்பதில்லை, பத்துப் பேர் பேச 1 மெகாபிட் போதும். குரல் விட்டுவிட்டு வந்தால் வேகம் குறைவு என்று திட்டத்தை உயர்த்தாதீர்கள். குரலைச் சுமந்து வரும் தரவுப் பொதிகள் சீராக வராததுதான் பெரும்பாலும் காரணம்.

நாலு பேர் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் நிறுவனத்தின் பெயரில் ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு சாதா இழையும் வைத்தால் போதும். அறுந்தால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட். எங்களிடம் இப்போது நிலையான ஐபியுடன் ஓர் இழை, ஓர் ஏர்ஃபைபர், நிறுவனத்தின் பெயரில் ஆறு கைப்பேசி எண்கள். பழைய 0421 எண்ணையும் இழைக்கு மாற்றி வைத்திருக்கிறோம், விட மனம் வரவில்லை. மாதத்துக்கு இரண்டு அழைப்பு வருகிறது. ஒன்று, நூல் மில்லின் வயதான கணக்கர். மற்றது தவறான எண்.