காதில் மாட்டும் என்95: ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

இன்னொரு கல்லூரியில் வேதியியல் நடத்தும் தோழி ஒருத்தி கேட்டாள்: "விலைதான் இறங்கிவிட்டதே, காதில் மாட்டும் என்95 முகக்கவசத்தையே ஆய்வகத்துக்கு மொத்தமாக வாங்கிவிடட்டுமா?" கொரோனா ஊரடங்குக்குப் பின் செய்முறை வகுப்புகள் தொடங்கிய நாளிலிருந்து நான் அணிந்து வருவது அதைத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துணி மென்மையானது. வாய்க்கு முன்னால் கூம்பி நிற்பதால், வகுப்பு முழுக்கப் பேசினாலும் உதட்டில் ஒட்டுவதில்லை. வடிகட்டும் திறனிலும் குறையில்லை. ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தரநிலை முத்திரையோடு, என்95க்கு ஏறக்குறைய இணையான எஃப்எஃப்பி2 வகை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குகிறேன். நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. எத்தனை முறை கண்டித்தாலும் பிப்பெட் என்ற அளவுக் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தை மாணவர்கள் விட்டதில்லை. முகக்கவசம் வந்ததும் எல்லார் கையிலும் உறிஞ்சுவதற்கு ரப்பர் பல்ப்! அதற்காகவே இதைக் கும்பிடலாம்.

ஆனால் அந்தக் கண்ணாடிப் பனி இருக்கிறதே, அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனையில், நிறம் மாறும் முடிவுநிலையை எட்டும் நேரம். கூம்புக் குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு ஒரு துளியில் வந்து நிலைக்க வேண்டும். குனிந்து மூச்சு விட்டதும் பாதுகாப்புக் கண்ணாடி வெளுத்துவிடுகிறது. பனி விலகுவதற்குள் இரண்டு துளி கூடுதலாக விழுந்து, நிறம் அடர்ந்துவிடுகிறது. மாணவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மூக்கைக் காக்க வந்த கவசம் கண்ணின் காவலைப் பறித்துவிடுகிறது. பக்கத்து மேசையில் அடர் கந்தக அமிலம் இருக்கும்போது இது சின்ன விஷயமா?

பனி படிகிறது என்றால் மூக்கோரம் காற்று கசிகிறது என்றுதான் பொருள். வெளியே போகும் மூச்சுக்கு வழி இருந்தால், வடிகட்டாத காற்று உள்ளே வரவும் அதே வழி. அப்புறம் துணி 95 சதவீதம் வடிகட்டி என்ன பயன்? மூக்குக் கம்பியை இரு சுட்டுவிரல்களால் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திப் படியவைத்தால் பனி குறையும். வளையங்களைப் பிடரியில் கொக்கியால் இணைத்தால் இன்னும் குறையும். ஆனால் பேசப் பேசத் தாடை அசைந்து மறுபடி நழுவிவிடும். மெல்லிய காதுவளையத்துக்கு அவ்வளவுதான் இழுவிசை. என்95க்குச் சான்று தரும் அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு, என்95 என்று விற்பதில் தலையைச் சுற்றி மாட்டும் தலைவார் இல்லாமல் காதுவளையம் இருந்தால் அது போலியாக இருக்கலாம் என்றே எச்சரிக்கிறது.

இரட்டைத் தலைவார் உள்ளதையும் அணிந்து பார்த்தேன். முடியைப் பிடித்து இழுக்கிறது, மூக்குத்தண்டில் தழும்பு பதிகிறது, கடைசி வரிசைக்குக் குரல் எட்டுவதில்லை, விலையும் கூடுதல். ஆனால் இரு கைகளாலும் பொத்தி ஊதினால் ஓரத்தில் காற்று தட்டுவதில்லை. துளி விடும் பியூரெட் குழாயின் அளவுக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன.

மென்மை, விலை, வசதி மூன்றிலும் காதுவளையம்தான் மேல். ஆனாலும் ஆய்வகத்துக்கு அதை வாங்க வேண்டாம். தலைவார் உள்ளதையே வாங்குங்கள். வால்வு வைத்தது எந்த வகையானாலும் வேண்டாம்: அணிந்தவரின் மூச்சு அதன் வழியே வடிகட்டாமல் வெளியேறும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத்துறை இதை மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆய்வகத்தில் எரிசாராயம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதென்று அதில் கவசத்தை நனைத்துச் சுத்தம் செய்யவும் கூடாது. துணியில் துகள்களை ஈர்க்கும் மின்னூட்டம் போய்விடும். இவை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகள், சூட்டில் உருகி ஒட்டும். பன்சன் பர்னர் மேல் குனிய விடாதீர்கள்.

குளோரோஃபார்ம், அம்மோனியா போன்றவற்றின் ஆவியை எந்த என்95உம் தடுக்காது. அந்தப் புட்டிகளைப் ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிக் கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும்.