வேல்யூ ரூப்ரிக்: விமர்சனச் சிந்தனை அட்டவணை பற்றி ஒரு மதிப்புரை

மாணவர்கள் தாங்களே தேடியும் விவாதித்தும் அறிவைக் கட்டமைத்துக்கொள்ளும் வகுப்பறையில் எல்லோரிடமும் ஒரே விடையை எதிர்பார்க்க முடியாது என்பதால், விடைக்குறிப்பை வைத்துத் திருத்தும் முறை அங்கே கைகொடுப்பதில்லை. அந்த இடத்தில் நம்பி எடுத்துக்கொள்ளத்தக்கது, அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009-இல் வெளியிட்ட வேல்யூ (VALUE) ரூப்ரிக் தொகுப்பு. மாணவரின் படைப்பை எந்தெந்தக் கூறுகளில், எந்தெந்த நிலைகளில் மதிப்பிடுவது என்று விவரிக்கும் அட்டவணையே ரூப்ரிக். பல கல்லூரி ஆசிரியர்கள் கூடி உருவாக்கிய இத்தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

குழுப்பணி, எழுத்து, சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றுக்கும் அட்டவணைகள் உண்டு. அவற்றுள் விமர்சனச் சிந்தனைக்கான அட்டவணையே என்னை மிகவும் கவர்ந்தது. பிரச்சினையை விளக்குதல், சான்றுகள், சூழலும் முன்முடிவுகளும், மாணவரின் நிலைப்பாடு, முடிவுகள் என ஐந்து கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகள். சான்றுகள் என்ற வரிசையில், வல்லுநர் சொன்னதைக் கேள்வியின்றி உண்மையென ஏற்பது முதல் நிலை. அதையே தீர விசாரிப்பது நான்காம் நிலை. மேற்கோள்கள் எத்தனை என்று பார்க்காமல், கிடைத்த தகவலை மாணவர் எப்படிக் கையாண்டார் என்று கேட்கும் இந்த வரிசைக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். உயர்ந்த நிலையை இடப்பக்கம் முதலில் வைத்திருப்பதும் நல்ல ஏற்பாடு. மாணவர் தாம் எட்ட வேண்டிய இடத்தை முதலில் படித்துவிடுகிறார்.

குறைகளும் உண்டு. கல்லூரிக்காக எழுதப்பட்ட வாசகங்கள் பள்ளி மாணவருக்குக் கடினமானவை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து அவற்றைத் தங்கள் சொற்களில் திருப்பி எழுதிக்கொள்வதே சிறந்த வழி, அந்த உரையாடலே பாதிப் பாடம். அதைவிட முக்கியமான குறை, இந்த அட்டவணை முடிந்த படைப்பை மட்டுமே பார்க்கிறது என்பது. விவாதத்தின் நடுவே ஒரு மாணவர் தம் கருத்தை ஏன் மாற்றிக்கொண்டார் என்பது அதில் பதிவாவதில்லை. முதல் வரைவையும் இறுதிப் படைப்பையும் இதே அட்டவணையில் வைத்து, மாணவரையே முதலில் தம் நிலையைக் குறிக்கச் சொன்னால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

ஓர் எச்சரிக்கை: இது நிறுவன அளவிலான மதிப்பீட்டுக்கானது, மதிப்பெண் போடுவதற்கானதன்று என்று அதன் முன்னுரையே கூறுகிறது. மூன்றாம் நிலையை 75 மதிப்பெண்ணாக மாற்றிவிட்டால், மாணவர் விளக்கத்தைப் படிக்காமல் எண்ணை மட்டுமே பார்ப்பார்.