குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனி: மூன்று ஒலிப்பதிவுகளில் எதைக் கேட்பது?

போலந்தின் தென்கோடியில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் ஸகோபானே. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு கட்டடத்தை நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாப்போ சிறையாக வைத்திருந்தது. 1944 செப்டம்பரில், அதன் சுவர் ஒன்றில் ஹெலெனா என்ற 18 வயதுப் பெண் சில வரிகளைக் கீறி வைத்தாள். அம்மா, அழாதே என்று தேற்றி, இயேசுவின் தாய் மரியாளிடம் துணை கேட்கும் வரிகள். மற்றவர்கள் அந்தச் சுவர்களில் நான் நிரபராதி என்றும், கொலைகாரர்களே என்றும் எழுதியிருக்கும்போது, இவள் மட்டும் வெளியே இருக்கும் அம்மாவை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறாள். போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியை உலுக்கியது இதுதான்.

1976இல் அவர் எழுதிய மூன்றாவது சிம்பொனியின் நடுப்பகுதியில் ஒலிப்பவை அந்த வரிகள். முதல் பகுதியில் இருப்பது, மகனை இழக்கும் மரியாளின் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல். மூன்றாம் பகுதி, போலந்தின் தெற்கே உள்ள சைலீசியாவின் நாட்டுப்பாடல். கிளர்ச்சியில் கொல்லப்பட்ட மகன் எங்கே கிடக்கிறானோ என்று ஒரு தாய் தேடுகிறாள். ஒரே ஒரு சொப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்தது) குரல், மூன்றுமே மெதுவான பகுதிகள், மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் நடுவே நிற்கும் இசை இது.

ஒலிப்பதிவுகள் நிறைய உண்டு. நான் திரும்பத் திரும்பப் போவது மூன்றிடம்.

முதலாவது, உலகமே அறிந்தது. டேவிட் ஸின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியெட்டா இசைக்குழு வாசிக்க, அமெரிக்கப் பாடகி டான் அப்ஷா பாடியது. 1992இல் நோன்சச் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டனில் பாப் ஆல்பங்களின் பட்டியலில் 6ஆம் இடம் வரைக்கும் ஏறியது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அப்போது உயிரோடிருந்த ஒரு சிம்பொனி இசையமைப்பாளருக்கு அப்படி நடப்பது அபூர்வம். அப்ஷாவின் குரலில் பளிங்குத் தெளிவு. ஒவ்வொரு சுரமும் சுத்தம். ஆனால் எனக்குள்ள குறையும் அந்தச் சுத்தம்தான். இரண்டாம் பகுதியில் வெளிச்சமாகத் தொடங்கும் தந்தி வாத்தியங்கள் சட்டென்று இருட்டுக்குள் இறங்கும். அந்த இடத்தில் அப்ஷா அழகாக இறங்குகிறார். பயந்துபோன ஒரு பெண் அங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

அந்தப் பெண்ணை நான் கண்டது மூன்றில் புதியதான பதிவில். போர்ட்டிஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ், 2014 நவம்பரில் வார்சாவில் மேடையில் பாடியதை 2019இல் டோமினோ நிறுவனம் வெளியிட்டது. நடத்தியவர் கிரிஸ்டோஃப் பெண்டெரெட்ஸ்கி. ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்காக இரங்கல் இசை எழுதியவர். குரெட்ஸ்கி பிறந்த அதே 1933இல் பிறந்தவர். கிப்பன்ஸுக்குப் போலிஷ் தெரியாது, சொற்களைப் பழகித்தான் பாடினார். அவருடையது தாழ்ந்த குரல். சொப்ரானோவுக்கு எழுதியதைத் தொட எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மைக் நெருக்கத்தில் இருப்பதால் மூச்சு கேட்கிறது, குரலின் நடுக்கம் கேட்கிறது. இரண்டாம் பகுதியில் இதெல்லாம் பலமாகிவிடுகிறது. அம்மாவை அழாதே என்று சொல்பவள் தானே அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த நடுக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. முதல் தடவை கேட்டபோது அந்த ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மீதியைக் கேட்டேன்.

மறுநாள் குறைகளும் தெரிந்தன. முதல் பகுதியில் டபுள் பேஸ்கள் (மிகத் தாழ்ந்த சுரம் எழுப்பும் பெரிய தந்தி வாத்தியங்கள்) ஆரம்பிக்கும் ஒரே மெட்டை மற்றத் தந்தி வாத்தியங்கள் அடுக்கடுக்காக எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் மலையாக எழுப்புகின்றன. நடுவில் மரியாள் பாடி முடிக்கும் நொடியில் மொத்த இசைக்குழுவும் பாய்ந்து வருகிறது. அங்கே குரல் அலைமேல் மிதக்க வேண்டும், கிப்பன்ஸ் மூழ்குகிறார். மைக் அதைச் சரிசெய்யவில்லை.

சரி, முழுசாக ஒன்றே ஒன்று என்றால்? என் கை போவது நக்ஸோஸ் நிறுவனம் 1990களில் வெளியிட்ட மலிவுப் பதிப்புக்கு. அந்தோனி வித் நடத்த, ஸோஃபியா கிலானோவிச் பாடியது. வாசிப்பது போலந்து தேசிய வானொலி இசைக்குழு. கிப்பன்ஸோடு வாசித்ததும் இதே குழுதான். அதன் ஊரான கட்டோவிட்ஸேயில்தான் குரெட்ஸ்கியும் வாழ்ந்தார். கிலானோவிச்சுக்குப் போலிஷ் தாய்மொழி. மகனைத் தேடும் பாட்டில் சொற்களை அவர் இசைக்காக வளைப்பதில்லை; பேச்சுபோலவே விழுகின்றன.

ஒரு நடைமுறை விஷயம்: ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். முதல் சில நிமிடங்களின் டபுள் பேஸ் அதில் காதிலேயே விழாது, ஹெட்போன் வேண்டும். புதிதாக வருபவர் கிப்பன்ஸின் இரண்டாம் பகுதியை மட்டும் முதலில் கேட்கட்டும். அப்புறம் அந்தோனி வித்தின் பதிவை ஆரம்பத்திலிருந்து எடுத்து, அந்தத் தாய் பறவைகளிடம் என் மகனுக்காகப் பாடுங்கள் என்று கேட்கும் இடம் வரை எழாமல் இருக்கட்டும்.