2,40,000 ரூபிளுக்கு ஒரு வெள்ளி சிகரெட் பெட்டி: நான் ஏமாந்தேன், நீங்க ஏமாறாதீங்க

இதை எழுதும்போது அந்தப் பெட்டி மேசை மேலதான் இருக்கு. ஜன்னல் வழியா வீசிடலாம்னு ரெண்டு தடவை எழுந்தேன். 2,40,000 ரூபிள். வீச மனசு வரல.

ஆறு வருஷமா பீட்டர்ஸ்பர்க்கில் வேலை. அடுத்த மாசம் ஊருக்கே திரும்பறேன். அப்பாவுக்கு சேலத்தில் கொலுசுப் பட்டறை, அதனால பழைய ரஷ்ய வெள்ளியில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்கணும்னு ஆசை. கடை பேர் சொல்லல. பழைய கட்டடத்தில் படி இறங்கிப் போற ஒரு பழம்பொருள் கடைன்னு வெச்சுக்கோங்க.

கடைக்காரருக்கு எழுபது வயசிருக்கும். முதல் ரெண்டு தடவை எதையும் விற்கப் பார்க்கவே இல்லை. டீ போட்டுக் கொடுத்தார். "சந்தைப் பக்கம் போயிடாதீங்க தம்பி, அங்கே எல்லாம் போலி"ன்னு எனக்குப் புத்தி சொன்னதே அவர்தான். மூணாவது தடவைதான் உள்ளேயிருந்து துணியில் சுத்தின பெட்டி வந்தது. லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். விழுந்தது அங்கேதான். அவர் ஒரு வார்த்தை சொல்லல, எல்லாத்தையும் நானே கண்டுபிடிச்சேன். 84 என்ற எண் இருந்தது. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது 875 தரம். கக்கோஷ்னிக் என்ற ரஷ்யத் தலையணி போட்ட பெண்ணின் முகம், அதுதான் அரசாங்கத் தர முத்திரை. ரஷ்ய எழுத்தில் ஃபாபெர்ஜே, அதாவது ஜார் மன்னர்களுக்கு நகை செஞ்ச பிரபலமான கம்பெனி. பக்கத்தில் அவங்க தலைமைக் கைவினைஞர் மிகயீல் பெர்கினின் முதலெழுத்துகள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிஞ்ச பள்ளிக்கூடப் பையன் மாதிரி பூரிச்சுப் போயிட்டேன். நிஜமான பெர்கின் பெட்டி இந்த விலைக்கு வருமான்னு யோசிக்கவே இல்லை. பேராசைதான், மறைக்க ஒண்ணும் இல்லை.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுபோக கலாச்சார அமைச்சகத்தின் அனுமதி வேணும். அதுக்காக ஒரு நிபுணரிடம் போனேன். அந்தம்மா ரெண்டு நிமிஷம்கூடப் பார்க்கல. "இதுக்கு அனுமதியே வேண்டாம், தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றாங்க. நான் நன்றி வேற சொன்னேன்!

அப்புறம்தான் விளக்கினாங்க. 1899-லிருந்து 1908 வரை அந்த முத்திரைப் பெண் இடது பக்கம் பார்ப்பா. 1908-க்கு அப்புறம் வலது பக்கம், கூடவே பீட்டர்ஸ்பர்க்குன்னா ஆல்ஃபாங்கிற கிரேக்க எழுத்து. என் பெட்டியில் வலது பக்கம், ஆல்ஃபாவும் பளிச்சுன்னு இருக்கு. ஆனா பெர்கின் இறந்தது 1903-ல். செத்த மனுஷன் அஞ்சு வருஷம் கழிச்சு எழுந்து வந்து முத்திரை குத்தினாரா?

முத்திரையும் அடிச்சது இல்லையாம், பெட்டியோடு சேர்த்து வார்த்தது. அடிச்ச முத்திரைன்னா விளிம்பு கூரா இருக்கும். இதில் கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கி, ஊசிமுனைக் குழிகளோடு இருக்கு. இந்த மாதிரிச் சரக்குக்கு 'ஃபோபெர்ஜே'ன்னு கேலிப்பெயரே உண்டாம். பிரெஞ்சில் ஃபோ என்றால் போலி. 2021-ல் இங்கே பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் நடத்தின கண்காட்சியில் வெச்ச ஃபாபெர்ஜே பொருட்களிலேயே சிலது போலின்னு ஒரு வியாபாரி பகிரங்கமா சண்டை போட்டார். அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன்.

இதில் கொடுமை, வெள்ளி நிஜம். அப்பா உரைகல்லில் உரைச்சுப் பார்த்திருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டார். வயசுதான் பொய். உருக்கினா 2,40,000-இல் கால்வாசிகூடத் தேறாது.

திரும்பக் கடைக்குப் போனேன். அன்னைக்கு டீ இல்லை. "அந்த நிபுணருக்கு என்ன தெரியும்" என்றார். அடுத்த நாள் "முதலாளி ஊரில் இல்லை" என்றார். அதுவரை அவர்தான் முதலாளின்னு நினைச்சிருந்தேன். அப்புறம் போனே எடுக்கல. நேத்து நேரில் போய் நின்னப்போ ரசீதைக் காட்டச் சொன்னார். அதில் எழுதியிருக்கிறது: "சிகரெட் பெட்டி, வெள்ளை உலோகம்." ஃபாபெர்ஜேவும் இல்லை, வருஷமும் இல்லை, வெள்ளின்னுகூட இல்லை. "நான் எங்கே தம்பி சொன்னேன்?" என்றார். உண்மைதான், அவர் சொல்லவே இல்லை.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் முடியல. முகம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க. கைவினைஞர் இறந்த வருஷத்தைத் தேடுங்க. மூடியிலும் அடியிலும் முத்திரை இருக்கான்னு பாருங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி நிபுணரிடம் காட்டுங்க, ரசீதை வாங்கின இடத்திலேயே படிங்க.

அப்பா போன்ல "என்னடா வாங்கினே"ன்னு கேட்டார். டீ கிளாஸ் வைக்கிற கூடு ஒண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இனி அதை வேற வாங்கணும்.