பின்பால் மெஷினில் மினுக்கும் எல்இடி: பழைய ஹோல்டருக்கு ஈயமா, புது ஹோல்டரா?

என் வீட்டு பேஸ்மென்ட்டில் நிற்பது பாலி கம்பெனி 1981-இல் வெளியிட்ட எய்ட் பால் டீலக்ஸ் என்ற பின்பால் மெஷின்; சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டை அடித்து ஆடும் விளையாட்டு. வாங்கி வந்த கையோடு பழைய 44-ஆம் நம்பர் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். சூடு குறையும், மெஷினின் தலைப்பகுதியில் நிற்கும் படம் போட்ட பின்கண்ணாடியின் பெயின்ட் உதிராது என்று கணக்கு. 44-ஆம் நம்பர் பல்பு 6.3 வோல்ட்டில் 250 மில்லிஆம்பியர் இழுக்கும். எல்இடிக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் ஆட்டப்பலகை பாதிக்கு மினுக் மினுக்.

மெஷினைக் குறை சொல்ல முடியாது. அது பல்புக்காகச் செய்தது. பல்பின் இழை சூடாகி எரிவதால், கரன்ட் கண நேரம் அறுந்தாலும் ஒளி உடனே செத்துவிடாது. எல்இடிக்கு அந்தப் பொறுமை இல்லை. நாற்பது வருடமாக பல்பு மூடி மறைத்ததை எல்லாம் அது காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் இது எந்த வியாதி என்று பிரித்துவிடுங்கள். எல்இடியை விரலால் லேசாக அசைத்தால் மினுக்கல் கூடுகிறதா, குறைகிறதா? அப்படியானால் ஹோல்டரில் லூஸ் கான்டாக்ட். அசைத்தாலும் மாறாமல் ஒரே சீராகத் துடித்தால் சர்க்யூட் விவகாரம். என் மெஷினில் இரண்டுமே இருந்தன.

ஹோல்டருக்கு மூன்று வழி: சுத்தம் செய்வது, புதிது போடுவது, பழையதிலேயே ஈயம் வைப்பது. சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினால் அன்றைக்கு எரியும், மழைக்காலம் வந்தால் மறுபடி மினுக்கும். புது ஹோல்டர் ஒன்று ஒரு டாலர் சொச்சம். விலை பெரிதில்லை. ஆனால் பழையதைப் பிடித்திருக்கும் ஸ்டேப்பிளை மரம் பிய்யாமல் நெம்பி எடுக்க வேண்டும், பின்னல் கம்பியை விடுவிக்க வேண்டும், புதிதை அதே கோணத்தில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு ஒன்றுக்கு இருபது நிமிஷம் ஆனது.

நான் ஈயத்தின் பக்கம் சாய்ந்ததற்கு நேரம் மட்டும் காரணமில்லை. ஒரு ஹோல்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். மரத்தோடு ஸ்டேப்பிள் அடித்த தகடு ஒன்று. பல்பைப் பிடிக்கும் குழல் இன்னொன்று. அடியில் ஸ்ப்ரிங், அதன் மேல் ஃபைபர் வட்டு, நடுவில் முனை. கரன்ட் வரும் பின்னல் கம்பியைத் தகட்டில்தான் பற்றவைத்திருக்கிறார்கள். பல்பு தொடுவதோ குழலை. தகடும் குழலும் வெறுமனே நசுக்கிப் பொருத்தியவை, அங்கே ஈயம் கிடையாது. அந்த மயிரிழை இடுக்கில் களிம்பு ஏறியதும் கரன்ட் தடுமாறுகிறது. குழலைக் கட்டைவிரலால் பிடித்துத் திருகினால் தகட்டுக்குள் சுற்றும். சுற்றினால் அதுதான் திருடன்.

புது ஹோல்டரை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே நசுக்கல். இன்றைக்குப் பளபளப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை மாட்டினால் பிற்பாடு வேறொருவர் இதே வேலையைச் செய்ய வேண்டிவரும். ஈயம் வைத்தால் அந்த இணைப்பே இல்லாமல் போகிறது. இரண்டும் ஒரே உலோகத் துண்டு.

செய்முறை சின்னதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பலகையைத் தூக்கி நிறுத்தி, கீழே பழைய துணி விரியுங்கள். ஒரு சொட்டு ஈயம் சுவிட்சுகளுக்கு நடுவே விழுந்தால் வேறு தலைவலி. தகடும் குழலும் சேரும் இடத்தைச் சின்ன அரத்தால் மஞ்சள் தெரியச் சுரண்டி, எலக்ட்ரானிக்ஸுக்கான ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, 60 வாட் சால்டரிங் அயர்னை வையுங்கள். ஈயம் தானாக இடுக்குக்குள் ஓடும். ஓடியதும் எடுத்துவிட வேண்டும்; கூடுதலாகச் சுட்டால் ஃபைபர் வட்டு கருகும். முதல் இரண்டை நான் கருக்கினேன்.

ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலோ முனையின் காது ஒடிந்திருந்தாலோ ஈயத்தால் பயனில்லை. என் மெஷினில் அப்படி நான்கு. அவற்றுக்குப் புதிதுதான் போட்டேன், மாட்டும் முன்பே மேசையில் வைத்து ஈயமும் வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்த ஒரே சீரான துடிப்பு. அந்தக் காலத்து பாலி மெஷின்களில் விளக்குகளை எஸ்சிஆர் என்ற சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச் இயக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் எஸ்சிஆர் அணையும், மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். எழுந்து நிற்க அதற்குச் சில மில்லிஆம்பியராவது ஓட வேண்டும். எல்இடி அதைத் தருவதில்லை. ஹோல்டருக்குக் குறுக்கே 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் போதும். கால் வாட் தாங்குவது தாராளம். விளக்குகளை இயக்கும் எஸ்சிஆர்கள் இருக்கிற லேம்ப் போர்டோடு சேர்க்கிற ரெடிமேட் அடாப்டரும் கிடைக்கிறது. ஐம்பது சொச்சம் விளக்கையும் ஒரேயடியாக மாற்றுபவர்களுக்கு அதுதான் லாபம். அதை ஒரு நண்பர் வீட்டில் ஒரு மாலை பார்த்ததோடு சரி, மினுக்கல் இல்லை; பல வருடம் தாங்குமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. நான் துடித்த பதினொன்றுக்கு மட்டும் ரெசிஸ்டர் வைத்தேன்.

90-களில் வந்த வில்லியம்ஸ் கம்பெனி மெஷின்களுக்கு இந்த ரெசிஸ்டர் கதை பொருந்தாது. அவற்றில் விளக்குகள் எட்டுக்கு எட்டு வரிசைப் பின்னலில், மாறி மாறி எரிபவை. அங்கே அணைந்திருக்க வேண்டிய எல்இடி மங்கலாக எரிகிறதே என்பதுதான் புகார்.

எல்இடியே வேண்டாம் என்றால் 47-ஆம் நம்பர் பல்பு இருக்கிறது. 150 மில்லிஆம்பியர்தான், சூடும் குறைவு, துடிப்பு அறவே இல்லை. பின்கண்ணாடிக்குப் பின்னால் கடைசியில் அதைத்தான் போட்டேன், அந்த மஞ்சள் வெளிச்சம் எல்இடியில் வரவில்லை. அந்த ஹோல்டர்களுக்கும் ஈயம் வைத்தாயிற்று.